“தூக்கம் வரல மேடம்”: பதின்வயதுப் பிள்ளைகளின் உறக்கமும் மனநலமும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையைச் சுற்றியுள்ள பள்ளிகளில் 11 ஆண்டுகளாக மாணவர் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு வராந்தாவில் தயங்கி நிற்கும் அம்மாக்களும், மணி அடித்த பின்னும் பையை மாட்டாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் என்னிடம் கேட்பதில் பாதி தூக்கத்தைப் பற்றியதுதான். “மனசு சரியில்ல” என்று சொல்ல நம் வீடுகளில் நாக்கு எழாது. “தூக்கம் வரல” என்று சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. அதனால் ஒரு பிள்ளையிடம் நான் முதலில் விசாரிப்பது மார்க்கை அல்ல, நேற்று ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்பதைத்தான்.

கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே வைத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து பற்றி வரும் இடங்களில் மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததை மட்டுமே எழுதியிருக்கிறேன்.

“வயசுப் பையனுக்கு எத்தனை மணி நேரம் தூக்கம் வேணும் மேடம்? ஆறு மணி நேரம் போதாதா?”

போதாது. 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016-இல் வரையறுத்தது. வயது ஏற ஏறத் தூக்கத் தேவை குறைந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. 1976-இல் தொடங்கி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடான் ஒரு கோடை முகாம் நடத்தினார். 10, 12 வயதுப் பிள்ளைகளை வரவழைத்து, இரவில் 10 மணி நேரம் படுக்க விட்டு, எவ்வளவு தூங்குகிறார்கள் என்று அளந்தார். அதே பிள்ளைகளை ஆண்டுதோறும் திரும்ப வரவழைத்தார். வளர்ந்த பிறகும் அவர்கள் ஏறத்தாழ 9 மணி நேரத்துக்கு மேல் தூங்கினார்கள். அவ்வளவு தூங்கியும், பெரிய பிள்ளைகளுக்குப் பகலில் முன்னைவிட அதிகமாகத் தூக்கம் வந்தது.

உங்கள் பையனுக்குத் தூக்கம் போதுகிறதா என்று பார்க்க மணிக்கணக்குகூட வேண்டாம். யாரும் எழுப்பாமல் எழுந்திருக்கிறானா? இரண்டாவது பீரியடில் கண் சொருகுகிறதா? பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடியே தூங்குகிறானா? இவையே சொல்லிவிடும்.

“சின்னப் புள்ளையில எட்டரைக்கே தூங்கிடுவா. இப்ப பன்னெண்டு ஆனாலும் கண்ண மூட மாட்டேங்கிறா. திமிருதானே?”

திமிர் இல்லை அம்மா. இருட்டியதும் மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்ப்படுத்துகிறது. பருவமடையும் வயதில் அது சுரக்கத் தொடங்கும் நேரம் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வரை தள்ளிப்போகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. விழித்திருக்க விழித்திருக்கத் தூக்கம் கண்ணை அழுத்தும் அல்லவா? அந்த அழுத்தம் இந்த வயதில் மெதுவாகத்தான் ஏறுகிறது. ஆகவே 9 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் “படு” என்றால், அவள் இருட்டில் கண்ணைத் திறந்தபடி கிடப்பாள்.

இருபது வயதை ஒட்டி இந்தத் தள்ளிப்போதல் தானாகக் குறையத் தொடங்கும். அதுவரை “கும்பகர்ணி”, “சோம்பேறி” என்று பட்டம் கட்டாதீர்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் அந்தப் பட்டங்களை நம்பிவிட்டுத்தான் வருகிறார்கள்.

“அப்ப ஸ்கூல் நேரத்தையே மாத்திடலாமே மிஸ்?”

இதைக் கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பையன். சரியான கேள்வி. உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2014-இல் பரிந்துரைத்தது. சியாட்டில் நகரம் 2016-இல் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50-இலிருந்து 8.45-க்குத் தள்ளியது. பிள்ளைகளின் தூக்கம் ஒரு நாளைக்கு 34 நிமிடம் கூடியது. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2022 முதல் அந்த 8.30 வரம்பு சட்டமே ஆகிவிட்டது.

நம் ஊரில் பள்ளி மணி 9-ஐ ஒட்டித்தான் அடிக்கிறது. அதற்கு முன்னால் நாம் அடுக்கி வைத்திருப்பவைதான் சிக்கல்: 5.30 மணி டியூஷன், 7.30 மணி ஸ்பெஷல் கிளாஸ், கிராமத்திலிருந்து வரும் பிள்ளை பிடிக்க வேண்டிய 6 மணி பஸ். இரவு 9 வரை ஸ்டடி. இவற்றில் எதை எடுக்கலாம் என்று பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். காலை டியூஷனை மாலைக்கு மாற்றியதாலேயே தெளிந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

“ஞாயித்துக்கெழமை மத்தியானம் வரைக்கும் தூங்குறான். வாரம் பூரா விட்டதைச் சேத்துத் தூங்கினா சரியாப் போயிருமா?”

கொஞ்சம் சரியாகும், முழுக்க ஆகாது. 12 வரை தூங்கினால் அன்றிரவு 2 மணிக்குத்தான் கண் அசரும். திங்கள் காலை 5 மணிக்கு எழுப்பினால், அவன் உடம்புக்கு அது வேறு நாட்டுக்கு விமானத்தில் போய் இறங்கியது போலத்தான். விடுமுறையில் வழக்கத்தைவிட ஒன்று, ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும். அதற்குமேல் தேவைப்பட்டால், மதியம் 3 மணிக்குள் 20, 30 நிமிடம் குட்டித் தூக்கம் போடட்டும்.

“விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சுப் படிச்சா மனசுல நிக்கும்னு எங்க அப்பா சொல்றாரு. உண்மையா?”

உங்கள் தாத்தா காலத்தில் 8 மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துப் படுத்தார்கள். 4 மணிக்கு எழுந்தாலும் 8 மணி நேரத் தூக்கம் கணக்கில் வந்துவிடும். நீ 11.30-க்குப் படுத்து 4 மணிக்கு எழுந்தால் நாலரை மணி நேரம்தான். இரவின் முற்பாதியில் ஆழ்ந்த தூக்கமும், விடியலை நெருங்கும்போது கனவுத் தூக்கமும் அதிகம். படித்ததை மூளை அடுக்கிவைப்பதற்கு இரண்டும் வேண்டும். 4 மணி அலாரம் அந்தக் கனவுத் தூக்கத்தைத்தான் வெட்டுகிறது.

இயல்பாகவே 9 மணிக்குத் தூங்கி 5 மணிக்குத் தெளிவாக எழும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு அப்பா சொல்வது பொருந்தும். அப்படி இல்லாதவர்களைப் பிரம்ம முகூர்த்தத்தின் பேரால் தண்ணீர் தெளித்து எழுப்புவதால் பயனில்லை.

“பரீட்சைக்கு முந்துன நாள் ராத்திரி பூரா முழிச்சுப் படிக்கலாமா?”

வேண்டாம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 535 பள்ளிப் பிள்ளைகளிடம் அன்றாடம் குறிப்பு எழுதச் சொல்லி ஓர் ஆய்வு நடந்தது. தூக்கத்தைக் குறைத்துக் கூடுதலாகப் படித்த நாளுக்கு மறுநாள், பாடம் புரியாமல் போவதும் தேர்வில் சொதப்புவதும் அதிகமாக இருந்தன. ப்ளஸ் டூ கணக்குத் தேர்வில் “தெரிஞ்ச கணக்கு மிஸ், பாதியில மறந்துட்டேன்” என்று அழுத பிள்ளைகளிடம் விசாரித்திருக்கிறேன். முந்தைய இரவு 2 மணி, 3 மணி என்பார்கள்.

“தூக்கம் கெட்டா எதுக்கெடுத்தாலும் கோவம் வருது, அழுகையா வருது. எனக்கு என்னமோ ஆயிருச்சா?”

மூளையில் அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. பயம், கோபம் போன்றவை பொங்குவது அங்கே. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி அதை அடக்கிப் பிடிக்கிறது. 2007-இல் வந்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ 35 மணி நேரம் விழித்திருந்த இளைஞர்களுக்கு மனதைச் சங்கடப்படுத்தும் படங்களைக் காட்டினார்கள். தூங்கியவர்களைவிட அவர்களின் அமிக்டலா 60 சதவீதம் அதிகமாகக் கொந்தளித்தது. அடக்கிப் பிடிக்கும் பகுதியோடு அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது.

பதின்வயதில் அந்த நெற்றிப் பகுதி இன்னும் முழுதாக வளரவில்லை. இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கும். அதனால் நான்கு நாள் தூக்கம் கெட்டால் பென்சில் தொலைந்ததற்கும் அழுகை வரும். ஒரு வாரம் ஒழுங்காகத் தூங்கிப் பார். அப்போதும் மாறவில்லை என்றால் அடுத்த பதிலைப் படி.

“தூக்கம் கெட்டதுனால மனசு கெடுதா, மனசு கெட்டதுனால தூக்கம் கெடுதா மேடம்?”

இரண்டுமே நடக்கிறது. முன்பெல்லாம் தூக்கமின்மையை மனச்சோர்வின் வால் என்றே நினைத்தார்கள். சோர்வு சரியானால் தூக்கமும் சரியாகும் என்று விட்டுவிடுவார்கள். பிறகு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மனச்சோர்வே இல்லாமல் தூக்கமின்மை மட்டும் இருந்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு, நன்றாகத் தூங்குபவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரிந்தது. ஆக, தூக்கமின்மை முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். பதற்றம் இருக்கும் பிள்ளைக்குப் படுத்ததும் தலைக்குள் பேச்சு ஓடும். தூங்காததால் மறுநாள் பதற்றம் கூடும். “இன்னைக்கும் தூக்கம் வராதோ” என்ற பயமே அடுத்த இரவைக் கெடுக்கும். எது முதல் என்று தேடுவதைவிட, இந்தச் சுழலை எங்கே அறுக்கலாம் என்று பார்ப்பது நல்லது. பெரும்பாலும் தூக்கத்தின் பக்கம் அறுப்பது சுலபம்.

ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி இல்லை. வகுப்பில் தூங்குகிறாள் என்று ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணை என்னிடம் அனுப்பினார்கள். நானும் செல்போன், டீ என்று இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் சொன்னாள். அப்பா குடித்துவிட்டு வந்தால் அம்மாவை அடித்துவிடுவாரோ என்று தினமும் கதவோரம் விழித்துக் கிடக்கிறாள். அந்தப் பிள்ளையிடம் “நேரத்துக்குப் படு” என்று சொல்லிக்கொண்டிருந்தோமே என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

அன்றிலிருந்து, “ஏன் தூங்கல?” என்று அதட்டாமல், “முழிச்சிருக்கும்போது என்ன நெனப்பு வருது?” என்று கேட்கிறேன். நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். பதில் முதல் நாளே வராது.

“செல்லைப் புடுங்கி வச்சுட்டா எல்லாம் சரியாயிரும்ல?”

செல்போனின் வெளிச்சம் மெலடோனினைத் தாமதப்படுத்துவது உண்மை. ஆனால் அதில் ஓடுவதுதான் பெரிய சிக்கல். ஒரு ரீல் முடிந்ததும் இன்னொன்று வரும். விளையாட்டில் பாதியில் எழுந்தால் கூட்டாளிகள் திட்டுவார்கள். குழுவில் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்களோ என்ற பயம் வேறு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று தமிழக அரசு 2025-இல் விதியே கொண்டுவந்தது. இரவு அந்தத் திரைக்கு எவ்வளவு பிடிமானம் என்பது அதிலிருந்தே புரியும்.

பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். பலன் தந்த வழி ஒன்று சொல்கிறேன். இரவு 10 மணிக்கு வீட்டிலுள்ள எல்லாருடைய போனும், அப்பாவுடையது உட்பட, ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். காலையில் எழுப்ப அலாரம் கடிகாரம் வாங்குங்கள். “அலாரத்துக்குத்தான் போன்” என்ற பேச்சு அதோடு நிற்கும்.

இன்னொன்று. இரவு 1 மணிக்கு யாரோடு பேசுகிறாள் என்பதைக் கோபப்படாமல் தெரிந்துகொள்ளுங்கள். சில பிள்ளைகளுக்குத் தங்களைக் கேட்க ஆள் இருக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கும். சிலரை யாராவது படத்தை வைத்து மிரட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் பிள்ளையைத் திட்டாமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

“டீ குடிச்சாத் தூக்கம் போகும்னுதானே குடிக்கிறோம். அதுல என்ன தப்பு?”

டீயிலும் காபியிலும் தூக்கத்தை விரட்டுவது காஃபின். குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்தால் 11 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். மாலை 4-க்குப் பிறகு வேண்டாம். பெட்டிக்கடையில் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் எனர்ஜி டிரிங்க் வேறு ரகம். அவ்வகைப் பானங்களில் ஒரு லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்க அனுமதி உண்டு. குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. எழுத்து பொடியாக இருக்கும். ஒருமுறை உங்கள் பிள்ளையோடு சேர்ந்து படித்துப் பாருங்கள்.

“படுத்தா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. ஒரு மணி நேரம் பொரளுறேன். என்ன பண்றது மிஸ்?”

முயற்சி செய்து தூங்க முடியாது, கண்ணா. முயற்சியே விழிப்பைக் கூட்டும். மருத்துவர்கள் மாத்திரைக்கு முன்பு பரிந்துரைக்கும் ஒரு முறை இருக்கிறது; தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பார்கள். அதிலிருந்து நீயே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். எழும் நேரத்தை முதலில் கெட்டியாகப் பிடி. ராத்திரி எப்படிப் போனாலும் காலை 6.30 என்றால் 6.30. எழுந்ததும் மாடிக்கோ வாசலுக்கோ போய்ப் பத்து நிமிடம் வெயிலில் நில். காலை வெளிச்சம் உடல் கடிகாரத்தை முன்னால் இழுக்கும்.

அடுத்து, பாய் தூங்குவதற்கு மட்டும். நம் வீடுகளில் இதற்கு ஒரு வசதி உண்டு: கட்டிலைச் சுருட்ட முடியாது, பாயைச் சுருட்டலாம். படிப்பதும் போன் பார்ப்பதும் பாயில் வேண்டாம். கண் சொக்கும்போது மட்டும் விரி. 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார். பழைய பத்திரிகை புரட்டு, துணி மடி. தூக்கம் வந்ததும் திரும்பப் படு. கடிகாரத்தைப் பார்க்காதே.

மண்டைக்குள் ஓடுவதற்குச் சாயங்காலமே ஒரு நேரம் கொடு. 7 மணிக்கு ஒரு தாளில் கவலைகளை எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே நாளை செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையை எழுது. இரவு அந்த நினைப்பு வந்தால் “எழுதியாச்சு” என்று சொல்லிக்கொள். இரண்டு, மூன்று வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

“எங்க வீட்ல ஒரே ரூம்தான். எல்லாரும் சீரியல் பாப்பாங்க. நான் எங்க போயித் தூங்க?”

தனி அறை, இருட்டு, குளிர்ச்சி என்று எழுதப்படும் அறிவுரைகள் இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. உண்மையில் இது அம்மா, அப்பாவிடம் நான் பேச வேண்டிய விஷயம். 10 மணிக்கு டிவியை நிறுத்தவோ, ஒலியைக் குறைக்கவோ வீட்டில் சம்மதிக்க வைப்பதுதான் முதல் வேலை. ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டினாலும் வெளிச்சம் குறையும். காதில் பஞ்சு, கண்ணில் துண்டு, கொசுவலை, படுக்கும் முன் ஒரு குளியல் – இவையெல்லாம் சின்ன விஷயங்கள்தான், ஆனால் உதவுகின்றன. பக்கத்தில் பாட்டி வீடு இருந்தால் தேர்வு மாதத்தில் அங்கே படுக்கலாம்.

“முழிப்பு வந்துச்சு, ஆனா கை கால அசைக்க முடியல. நெஞ்சுல யாரோ ஏறி ஒக்காந்த மாதிரி இருந்துச்சு. அமுக்குவான் பேயா?”

பேய் இல்லை. கனவுத் தூக்கத்தில் மூளை கை கால்களை முடக்கி வைக்கிறது; இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது நிஜமாகவே எழுந்து ஓடுவோம். சில சமயம் அந்த முடக்கம் விலகும் முன்னரே விழிப்பு வந்துவிடுகிறது. கனவின் மிச்சம் கண்முன் ஆளாகவும் நிழலாகவும் தெரியும். சில விநாடி, அதிகம் போனால் ஓரிரு நிமிடம். ஆபத்து இல்லை. தூக்கம் குறைந்தாலும், நேரம் தவறிப் படுத்தாலும், மல்லாந்து படுத்தாலும் அதிகம் வரும். வரும்போது ஒரு விரலை மட்டும் அசைக்க முயன்று மெதுவாக மூச்சு விடு. தாயத்துக் கட்டினால் அம்மாவுக்கு நிம்மதி என்றால் கட்டட்டும். கூடவே தூக்கத்தையும் சரிசெய்வோம்.

“படுத்தா காலு ரெண்டும் கொடையுது. ஆட்டிக்கிட்டே இருந்தாத்தான் சொகமா இருக்கு.”

மாலையிலும் இரவிலும் கூடி, அசைத்தால் குறையும் இந்தக் குடைச்சலுக்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு முக்கியக் காரணம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. சோகை இருந்தால் அசதி, கவனமின்மை, எரிச்சல் எல்லாம் வரும். பார்க்க மனச்சோர்வு போலவே இருக்கும். அரசு மருத்துவமனையில் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை பள்ளியில் தரும் நீல மாத்திரையைச் சன்னல் வழியே எறியும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். எறியாதீர்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது.

“இவ்வளவு சின்ன வயசுல கொறட்டை விடுறான். அது ஒண்ணும் இல்லல்ல?”

எப்போதாவது சளி பிடித்தபோது என்றால் ஒன்றும் இல்லை. தினமும் குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறல், காலையில் தலைவலி என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். டான்சில், அடினாய்டு வீக்கம் அல்லது உடல் பருமன் காரணமாக இருக்கலாம். இந்தப் பிள்ளைகள் 9 மணி நேரம் படுத்தாலும் தூக்கம் நிறையாது.

“என் பொண்ணு நாள் பூராத் தூங்குறா. தூங்குறது நல்லதுன்னுதானே நீங்களே சொல்றீங்க?”

வாரம் முழுக்க விட்ட தூக்கத்தை ஈடுகட்டுவது வேறு. 10 மணி நேரம் தூங்கியும் அசதி தீராமல், பிடித்த பாட்டைக் கேட்பதில்லை, தோழிகளோடு பேச்சில்லை, சாப்பாட்டில் மாற்றம், எரிந்து விழுதல் என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். பதின்வயதில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வருவதில்லை. எரிச்சலாகவும் ஓயாத தூக்கமாகவும் வரும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிழுவது, சிரிக்கும்போது திடீரென முழங்கால் தளர்வது என்றால் அது நார்கோலெப்சி என்ற நரம்புக் கோளாறாக இருக்கலாம். பெரும்பாலும் இந்த வயதில்தான் தொடங்கும். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

“ரெண்டு மூணு நாளாத் தூங்கவே இல்ல. ஆனா அசதியே இல்லாம, ரொம்ப உற்சாகமா இருக்கான். இதுவும் சிக்கலா?”

ஆம், இதைத் தள்ளிப்போடாதீர்கள். தூக்கமின்மை இருக்கும் பிள்ளை களைத்துப்போயிருப்பான். தூங்காமலே களைப்பில்லாமல், வழக்கத்துக்கு மாறாக மூச்சுவிடாமல் பேசி, பணத்தை இறைத்து, தன்னால் எதையும் செய்ய முடியும் என்று சொன்னால் அது இருமுனை மனநோயின் தொடக்கமாக இருக்கலாம். பதின்வயதின் பிற்பகுதியில் அது தலைகாட்டுவதுண்டு. படிப்பில் தீவிரம் வந்துவிட்டது என்று பெருமைப்பட்டுவிட்டு, காலம் கடந்து வந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்த வாரமே மனநல மருத்துவரிடம் போங்கள்.

“இளைப்புக்கு மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து கெட்ட கெட்ட கனவா வருதுங்கிறா. சம்பந்தம் இருக்குமா?”

இருக்கலாம். ஆஸ்துமா இளைப்புக்கும் அலர்ஜிக்கும் தரப்படும் மான்டெலுகாஸ்ட் என்ற மருந்து சிலருக்குத் தூக்கக் கெடுதல், கொடுங்கனவு, மனநிலை மாற்றம் ஆகியவற்றைத் தரும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-இல் கட்டம் கட்டி எச்சரித்தது. நீங்களாக நிறுத்தாதீர்கள். எந்த நாளில் மாத்திரை தொடங்கியது, எந்த நாளில் கனவு தொடங்கியது என்று குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் உண்டு.

“பாட்டி போடுற தூக்க மாத்திரையில பாதி குடுக்கலாமா? சளி மருந்து குடுத்தாக்கூட நல்லாத் தூங்குறான்.”

கூடாது. அல்பிரஸோலம் போன்றவை பழக்கமாகிவிடக்கூடிய மருந்துகள். சீட்டு இல்லாமல் விற்பதே சட்டப்படி தவறு. சளி, அலர்ஜி மருந்து தருவது மயக்கத்தைத்தான். மறுநாள் வகுப்பிலும் அது தொடரும். மெலடோனின் மாத்திரை உடல் கடிகாரம் மிகவும் தள்ளிப்போன சில பிள்ளைகளுக்கு உதவும். ஆனால் எவ்வளவு, எந்த நேரத்தில் என்பதில்தான் அதன் பலன் இருக்கிறது. அதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

“எப்ப டாக்டர்கிட்ட போகணும்? மனநல டாக்டர்கிட்ட போனா நாளைக்குக் கல்யாணத்துல பேச்சு வராதா?”

வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் தூக்கம் கெட்டு, பகல் வேலையும் கெட்டால், ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். மேலே சொன்ன மனச்சோர்வு அடையாளங்கள் இருந்தால் இரண்டு வாரம் போதும். முதலில் வழக்கமான குழந்தை மருத்துவரோ குடும்ப மருத்துவரோ போதும். சோகை, தைராய்டு, குறட்டை எல்லாம் பார்த்துவிடலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கல்யாணப் பேச்சு பற்றி: சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. 10 முதல் 19 வயதில் ஏழில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 40 பேர் வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகள். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து மூன்று வருடம் தள்ளிப்போட்டால், பிள்ளையின் படிப்பும் சிநேகமும் போன பிறகு அதே மருத்துவரிடம்தான் போக வேண்டியிருக்கும்.

“ராத்திரி முழிச்சுக்கிட்டு ‘நான் இல்லாமப் போனா நல்லாருக்கும்’ங்கிறா. சும்மா பயமுறுத்துறாளா?”

பயமுறுத்துவதாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கமின்மையும் தொடர் கொடுங்கனவும் இந்த எண்ணத்தைக் கூர்மையாக்கும்; நள்ளிரவில் எல்லாமே தீராதது போலத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: “சாகணும்னு தோணுதா கண்ணு?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது; சொல்ல இடம் கிடைத்த ஆறுதல்தான் கிடைக்கும். புத்தி சொல்லாமல், ஆணையிடாமல் கேளுங்கள்.

அன்றிரவு தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள், வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள் அல்லது பூட்டுங்கள். உதவிக்கு அழைக்க வேண்டிய எண்கள்: டெலி மானஸ் 14416, அல்லது அரசின் மருத்துவ உதவி எண் 104, சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா 044-24640050, இலங்கையில் 1926. உடனடி ஆபத்து என்றால் 108. விடிந்ததும் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தேர்வு நாளாக இருந்தாலும்.

“எங்க வீட்ல சொன்னா நம்ப மாட்டாங்க மிஸ். எப்படிச் சொல்றது?”

ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏழு நாள் எழுது: எத்தனை மணிக்குப் படுத்தாய், சுமாராக எப்போது தூங்கினாய், எத்தனை தடவை விழித்தாய், எப்போது எழுந்தாய், அன்று மனசு எப்படி இருந்தது. கடைசியதற்கு ஒரு சொல் போதும். அம்மா அடுப்படியில் அவசரமாக இருக்கும்போது வேண்டாம், ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்து சாய்ந்திருக்கும்போது அந்தப் பக்கத்தைக் காட்டி, “ஒரு வாரமா இப்படித்தாம்மா இருக்கு, டாக்டர்கிட்ட போலாமா?” என்று மட்டும் கேள். மனசைப் பற்றி முதலிலேயே சொல்ல முடியாவிட்டால் பரவாயில்லை. தூக்கத்திலிருந்து தொடங்கு.

அம்மா காது கொடுக்கவில்லை என்றால் சித்தி, தாய்மாமா, வகுப்பு ஆசிரியர், பி.டி. மாஸ்டர் என்று உனக்கு நம்பிக்கையான இன்னொரு பெரியவரிடம் அதே பக்கத்தைக் காட்டு. என்னிடமும் கொண்டுவரலாம். மதிய இடைவேளையில் வா, தனியாக வரப் பயமாக இருந்தால் சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு வா.